வலியறியாப் பாவை

செவிலியர் பயிற்சிப் பள்ளி எந்த ஊரில் இருந்தாலும், அது பழைய மிஷன் ஆஸ்பத்திரியை ஒட்டி எழுந்ததாயினும் நேற்றுத் திறந்த தனியார் கல்லூரியாயினும், அதில் செய்முறை வகுப்புக்கென்று ஒதுக்கிய அறை ஒன்று இருக்கும். அந்த அறையில், மடிப்புக் குலையாத வெள்ளை விரிப்பின்மேல், கழுத்து வரையில் போர்த்தப்பெற்று, விழித்த கண் விழித்தபடி ஒரு பாவை படுத்திருக்கும். முதலாண்டு மாணவியர் அவளை நீராட்டுவர். புரட்டிப் படுக்க வைப்பர். மூக்கில் குழாய் செலுத்துவர். புஜத்தில் ஊசி குத்துவர். எத்தனை நூறு தடவை குத்தினாலும் அவள் 'ஐயோ' என்று சொன்னதில்லை. அந்த மௌனமே அவள் செய்த பெரிய உபகாரம். கைந்நடுக்கம் தீரும் வரையில் பழகிக்கொள்ள உயிருள்ள உடம்பு ஒன்று வேண்டாமற் போயிற்று. அதே மௌனம் அவளுடைய குறையும் ஆகும் என்பதை உணர்வதற்கோ வைத்திய உலகத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. வலி தணிக்கும் வித்தையைச் செவிலி மாணவியருக்குக் கற்பிக்க யந்திரங்களும் சாதனங்களும் வந்த சரித்திரத்தை, இந்த ஊமைப் பாவைக்கு வாய் வந்த சரித்திரம் என்றே சொல்லிவிடலாம்.

பாவையின் குலமுதல்வியைத் தேடிச் சென்றால் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்ஸ் தேசத்துக்குப் போய்ச் சேருவோம். அங்கே ஆஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் பஞ்சாலும் ஒரு பெண்ணின் இடுப்பையும், அதனுள் வைத்து வெளியே எடுக்கத்தக்க ஒரு சிசுவையும் செய்து, அதற்கு 'யந்திரம்' என்றே பெயரிட்டாள். பிரசவத்தில் தாயும் சேயும் மாண்டு தேசத்தின் ஜனத்தொகை குறைகிறதென்று கவலை கொண்டிருந்த பதினைந்தாம் லூயி மன்னர் 1759-இல் அவளுக்கு ஆணைப்பத்திரம் வழங்க, அவள் அந்த யந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று எழுத்தறியாத குடியானவப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொடுத்தாள். அந்த யந்திரங்களில் ஒன்று ரூவான் நகரத்துக் காட்சிச்சாலையில் இன்றும் இருக்கிறது. சிசு தலைகீழாக வருவது, குறுக்கே கிடப்பது, இரட்டையாக வருவது ஆகிய அனைத்தையும் காட்ட வல்ல அந்தச் சாதனம், பிரசவத்தின் தலையாய லக்ஷணமாகிய வேதனையை மட்டும் காட்ட வல்லதாக இல்லை. அது அவளுடைய குற்றமன்று. தையல் வேலையில் அடங்குகிற பொருளா அது?

அதன்பின் நூறாண்டு கழித்து, 1860-இல், லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரால் பள்ளி தொடங்கியபோது, பாவை எதுவும் அங்கே வைக்கப்படவில்லை. வார்டே பள்ளிக்கூடம், நோயாளியே பாடபுஸ்தகம். கிரிமியாவிலிருந்து திரும்பியபின் பல ஆண்டு நோயில் படுத்திருந்த அந்த அம்மையார், தோலின் கீழ் அபின் செலுத்தும் புதுமையான சிறு சிகிச்சை ஒரு நாள் அளவுக்குத் தமக்கு நிவாரணம் தந்ததென்று கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். எடின்பரோ நகரத்து அலெக்ஸாண்டர் உட் என்ற வைத்தியர் 1853-இல் கையாளத் தொடங்கிய ஊசிதான் அது. முதலில் வைத்தியர் மட்டுமே தொட்ட அந்த ஊசி, நூற்றாண்டு முடிவதற்குள் மெல்ல மெல்லச் செவிலியின் தட்டுக்கு இறங்கி வந்தது. அது இறங்கி வந்ததனால்தான் பாவைக்கும் அவசியம் நேர்ந்தது.

அமெரிக்காவில் ஹார்ட்போர்டு ஆஸ்பத்திரிச் செவிலியர் பள்ளியின் தலைவியாக இருந்த லாடர் சதர்லாந்து என்னும் அம்மையாருக்கு, வைக்கோல் அடைத்த கோணல்மாணலான உருவங்களை வைத்துக்கொண்டு மாணவியருக்கு நோயாளியைத் தூக்கவும் கிடத்தவும் கற்பிப்பது சலித்துவிட்டது. ரோட் ஐலண்டு மாகாணத்தில் பாட்டக்கெட் என்ற ஊரில் குழந்தைகளுக்கான துணிப் பொம்மைகள் செய்து புகழ் பெற்றிருந்த மார்த்தா சேஸ் என்பவளை, ஆள் உயரத்தில் ஒரு பொம்மை செய்து தரும்படி அவர் கேட்டார். மார்த்தா ஒரு வைத்தியரின் மனைவி. ஆகவே கேட்டதன் அருமை உடனே விளங்கியிருக்க வேண்டும். 1911-இல் ஐந்தடி நான்கங்குல உயரத்தில், மூட்டுகள் மடங்கும்படி, நீர் பட்டால் கெடாதபடி வர்ணம் பூசிய மேனியோடு அந்தப் பாவை ஹார்ட்போர்டு வந்து சேர்ந்தது. மாணவியர் அதற்குத் தாயின் பெயரையே சூட்டி 'மிஸஸ் சேஸ்' என்று மரியாதையாக அழைத்தார்கள். பிற்காலத்தில் உலகெங்கும் எண்ணற்ற பள்ளிகளில் இப்படிப்பட்ட பாவைகள் அனைத்துக்கும் அதுவே பெயராயிற்று. கல்யாணமான பெண்மணிக்குரிய அந்த மரியாதைச் சொல்லில் ஒரு செல்லமும் இருந்தது. ஆயினும், அவளிடம் 'எங்கே வலிக்கிறது, அம்மா?' என்று கேட்கும் பயிற்சி அந்த நாட்பாடங்களில் இடம்பெறவில்லை.

1914-இல் பாவை திருத்தியமைக்கப்பெற்றாள். ஊசி போட்டால் மருந்தை ஏற்றுக்கொள்ளும்படி அவள் புஜத்தில் ஓர் இடமும், குழாய் செலுத்திப் பழக வயிற்றினுள் நீர்த்தொட்டியும் அமைந்தன. அதே 1914 டிசம்பரில் அமெரிக்கச் சட்டசபை, அபின் வகை மருந்துகளைக் கணக்குக்கும் வரிக்கும் உட்படுத்தி ஹாரிஸன் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் செவிலியின் தொழிலில் இரண்டும் வந்து கூடின. ஊசி போடும் கை பழகிற்று. அந்தக் கை எடுக்க வேண்டிய மார்பியாவோ பூட்டுக்குள் போயிற்று. வலி கண்டபோது கொடுக்கலாம், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது என்று வைத்தியர் லத்தீன் எழுத்துச் சுருக்கத்தில் எழுதிவிட்டுப் போவார். வலி கண்டதா, கண்டது எவ்வளவு, கேட்பவன் மெய்யாகவே துன்புறுகிறானா அல்லது மருந்தின்மேல் ஆசைப்படுகிறானா என்பதையெல்லாம் அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிய பெண்ணே தீர்மானிக்க வேண்டும். அவளோ நாடி பார்க்கப் பயின்றவள். வெப்பமானி பார்க்கப் பயின்றவள். மார்பியா மாத்திரைகளை எண்ணிக் கணக்கு எழுதப் பயின்றவள். தீர்மானிக்கப் பயின்றவள் அல்லள். ஐம்பது ஆண்டுக் காலம் மேலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் இரவு வேளைகளில் நடந்த எத்தனையோ அநியாயங்களுக்கு இந்த ஒரு குறையே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

வலியை அளக்க விஞ்ஞானிகள் முயலாமல் இல்லை. அளந்துவிட்டால் நோயாளியைக் கேட்க வேண்டியதில்லை அல்லவா? 1940-இல் நியூயார்க்கில் ஹார்டி, உல்ஃப், குடெல் என்ற மூவர், நெற்றியில் மசியைப் பூசி அதன்மேல் விளக்கின் வெப்பத்தைக் குவித்து, எந்த அளவில் வலி தோன்றுகிறது என்று தங்கள்மேலேயே சோதித்து, வலிமானி ஒன்றை அமைத்தார்கள். வலிக்கு 'டால்' என்று ஓர் அலகும் வகுத்தார்கள். தராசில் சர்க்கரை நிறுப்பது போல வேதனையை நிறுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அது. இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியப் போர்முனையில் சேவை செய்த பீச்சர் என்ற மயக்க மருந்து நிபுணர் அந்த நம்பிக்கையின் வேரில் வெந்நீர் ஊற்றினார். பெருங்காயம் பட்டுக் கொண்டுவரப்பட்ட சிப்பாய்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர், கேட்டபோது, வலிமருந்து வேண்டாம் என்றார்கள் என்று 1946-இல் அவர் எழுதினார். போர்க்களத்திலிருந்து உயிரோடு மீண்டவனுக்குக் காயம் ஒரு விடுதலைச் சீட்டு; அதே அளவு காயம், ஊரில் சத்திரசிகிச்சை மேஜையிலிருந்து இறங்கியவனுக்குப் பெருந்துன்பம். காயத்தின் அளவு வேறு, வலியின் அளவு வேறு என்று ஆகிவிட்டபின் நெற்றி விளக்கால் என்ன பயன்?

இந்தச் சமயத்தில் கணிப்பொறி வந்து சேர்ந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்ஸர் என்ற பொறியியல் அறிஞர் 1960-இல் 'பிளேட்டோ' என்ற பெயரில் கணிப்பொறி வழிக் கல்வி ஒன்றைத் தொடங்கினார். ஓர் அறையளவு யந்திரத்தோடு இணைத்த தொலைக்காட்சித் திரையும் விசைப்பலகையுமே மாணவரின் வகுப்பறை. அவருடைய மனைவி மேரியன் பிட்ஸர் ஒரு செவிலி. கணவர் கணக்கும் மின்சாரவியலும் கற்பிக்க அமைத்த யந்திரத்தைக் கண்ட அந்த அம்மையாருக்கு, இதில் ஒரு நோயாளியைப் படுக்க வைக்கலாமே என்று தோன்றியது. நெஞ்சுவலி கண்ட இருதய நோயாளி ஒருவரை எண்ணும் எழுத்துமாகத் திரையில் அமைத்து, அர்பானா நகரத்து மெர்ஸி ஆஸ்பத்திரிச் செவிலியர் பள்ளி மாணவியரை அதன்முன் உட்கார வைத்தார். 1963-இல் அதைப் பற்றி அறிக்கையும் வெளியிட்டார். 1966-இல் செவிலியர் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் கட்டுரையும் வந்தது. உலகில் செவிலி மாணவியருக்குக் கணிப்பொறி கொண்டு பாடம் சொன்ன முதல் முயற்சிகளில் ஒன்று இது.

அதில் விசேஷம் யாதெனில், பாடம் தானாக வந்து மாணவியின்மேல் விழவில்லை. நோயாளிக்கு நேர்ந்தது என்ன, நாடி எப்படி, முன்பு என்ன மருந்து கொடுத்தார்கள், இப்போது என்ன சொல்கிறார் என்று அவளே விசையை அழுத்திக் கேட்க வேண்டும். கேட்டால் பதில் வரும். கேளாவிட்டால் யந்திரம் சும்மா இருக்கும். பின்னர் என்ன செய்யப் போகிறாய் என்று அவள் தேர்ந்து கூற, அதன் விளைவு திரையில் தோன்றும். தவறு செய்தால் யாரும் சாகமாட்டார்கள். சகமாணவியர் சிரிக்கவும் மாட்டார்கள். மிஸஸ் சேஸிடம் கையைப் பழக்கிய பெண், கேட்பதே ஒரு தொழில், கேட்காதவளுக்கு ஒன்றும் தெரியவராது என்பதை இங்கே பழகினாள். திரையில் மின்மினி போல் துடித்த சில எழுத்துகள், வர்ணம் பூசிய முழு உடம்பு செய்யாத காரியத்தைச் செய்தன. அந்தத் தம்பதிகள் சாப்பாட்டு மேஜையில் இதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்களோ! யந்திரத்தை ஆக்கிய கணவரின் பெயர் கணிப்பொறிச் சரித்திரங்களில் எல்லாம் வருகிறது. அதில் நோயாளியைப் படுக்க வைத்த மனைவியின் பெயர் அபூர்வமாகவே வருகிறது.

அதே காலத்தில் பாவைகளும் பெருத்த முன்னேற்றம் அடைந்தன. நார்வே தேசத்துப் பொம்மை வியாபாரி அஸ்மண்டு லேர்டல் 1960-இல் செய்த 'ஆன்' என்ற பாவை, மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதக் கற்பித்தது. பாரிஸ் நகரத்து ஸேன் ஆற்றில் பிணமாக எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அநாமதேயப் பெண்ணொருத்தியின் அமைதியான முகச்சாயலை அதற்கு அவர் வைத்தார். 1967-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டென்ஸன், ஆபிரகாம்ஸன் என்ற இருவர் முன்னின்று, விண்வெளிக் கருவிகள் செய்த நிறுவனமொன்றின் உதவியோடு ஆக்கிய 'சிம் ஒன்' என்ற பிளாஸ்டிக் மனிதனுக்கு நெஞ்சு ஏறி இறங்கியது, இருதயம் துடித்தது, கண் இமைத்தது, நான்கு மருந்துகளையும் இரண்டு வாயுக்களையும் கணிப்பொறி கண்டறிந்து அதற்கேற்ப உடம்பை மாற்றியது. ஆனால் அவன் எதற்காகச் செய்யப்பெற்றான்? மயக்க மருந்து கொடுக்கப் பழகுவோருக்காக. அதாவது, அந்த யுகத்தின் தலைசிறந்த யந்திர மனிதன், உணர்விழந்து கிடக்கும் மனிதனின் பிரதிமை. மிஸஸ் சேஸின் வர்ண முகம் அமைதியானது. ஆனின் முகம் பிணத்தினது. சிம் ஒன்னோ மயக்கத்தில் இருப்பவன். வலியில்லாத மூன்று முகங்களை எதிரில் வைத்துக்கொண்டு வலியைக் கற்பித்தல் எங்ஙனம் கூடும்?

வேடிக்கை என்னவென்றால், இதே பல்கலைக்கழகத்தில், 1963-இல், ஹோவர்டு பாரோஸ் என்ற நரம்பு நோய் நிபுணர், சித்திரக்காரர்களுக்கு மாடலாக நின்று வந்த ஒரு பெண்ணுக்கு நரம்பு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து, மாணவர்களை அவளிடம் அனுப்பிச் சோதித்திருந்தார். அவருக்கும் துணை நின்றவர் முற்கூறிய ஆபிரகாம்ஸனே. ஒரு கையால் பிளாஸ்டிக் மனிதனையும் மறு கையால் நடிக்கும் மனிதனையும் அவர் வளர்த்தார். பத்திரிகைகள் ஹாலிவுட் கூத்து வைத்தியக் கல்லூரிக்குள் புகுந்துவிட்டதென்று பரிகசித்தன. இன்று உலகெங்கும் செவிலியர் பரீட்சைகளில் கூலிக்கு வந்து 'வயிறு வலிக்கிறது' என்று படுத்திருக்கும் நடிகர்கள் அந்தப் பெண்ணின் வழித்தோன்றல்களே. சிம் ஒன் ஒருவனாகவே பிறந்து, சந்ததியின்றி மறைந்தான்.

இனி, யந்திரம் என்று சொல்லவும் கூசுகின்ற எளிய சாதனங்களைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில் உண்மையான வேலையைச் செய்தவை அவையே. ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்ற ஆங்கில மாது முதலில் செவிலியாகப் பயின்றாள். முதுகுவலியால் அத்தொழிலை விட நேர்ந்து, ஆஸ்பத்திரியில் சமூக சேவகியானாள். மரணத் தறுவாயில் இருப்போரின் வலியைத் தணிக்க வேண்டுமானால் வைத்தியராகத்தான் வேண்டும் என்று கண்டு, மீண்டும் படித்து 1957-இல் வைத்தியரானாள். லண்டனில் செயின்ட் ஜோசப் விடுதியில், வலி வந்தபின் மருந்து கொடுப்பதற்கு மாறாக, வலி திரும்பும் முன்பே கடிகாரத்தைப் பார்த்து மார்பியா கொடுக்கும் முறையை அங்கிருந்த நோயாளிகளிடம் நிலைநாட்டினாள். அவள் கையில் இருந்த கருவிகள் இரண்டு: ஒரு காமிரா, ஓர் ஒலிப்பதிவுக் கருவி. நோயாளிகள் தம் வேதனையைத் தம் வாயாலேயே சொல்வதை அவள் பதிந்து வைத்தாள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவர்களைப் படம் பிடித்தாள். 1963-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் அந்தப் படங்களைத் திரையில் காட்டி அவள் பேசியதைக் கேட்ட செவிலியர் பள்ளித் தலைவி பிளாரன்ஸ் வால்டு, சில ஆண்டுகளில் தம் பதவியையே துறந்து இந்தத் தொண்டில் இறங்கினார். 1974-இல் அமெரிக்காவின் முதல் நோய்த்தணிப்பு இல்லம் கனெக்டிகட்டில் தோன்றியது அதன் பயன். லண்டனில் ஸாண்டர்ஸின் செயின்ட் கிறிஸ்டபர் இல்லம் 1967-இலேயே திறந்துவிட்டது.

மறு ஆண்டு, சிம் ஒன் கண் இமைத்துக் கொண்டிருந்த அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், மார்கோ மக்காப்ரி என்ற செவிலி ஒரு பாடநூலில், வலி என்பது அதை அனுபவிப்பவன் எதை வலி என்கிறானோ அதுவே, அவன் இருக்கிறதென்றால் இருக்கிறது என்ற கருத்தை வரையறையாக வைத்தார். வைத்தியப் பேராசிரியர்கள் கோடி ரூபாய் யந்திரத்தில் தேடியதை ஒரு செவிலி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள் என்றால் மிகையாகாது. மூன்றாண்டு முன்பு மெல்ஸாக், வால் என்ற இருவர் முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு வாயில் உண்டு, மூளை அதைத் திறக்கவும் சாத்தவும் கூடும் என்று கூறியிருந்தமையால், சாஸ்திரமும் அவளுக்குத் துணை நின்றது. மெல்ஸாக் 1975-இல் மாண்ட்ரியல் நகரத்திலிருந்து 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து ஒரு வினாத்தாள் வெளியிட்டார். நோயாளி தன் வலிக்குப் பொருந்திய சொல்லைத் தேர்ந்து காட்டினால் போதும்.

நம்மவருக்கு அந்த வினாத்தாள் புதுமையாகத் தோன்றாது. கைகால் உளைகிறது, மூட்டு குடைகிறது, வயிறு பிசைகிறது, நீர் கடுக்கிறது, புண் எரிகிறது, பல் விண்விண்ணென்று தெறிக்கிறது, விலாவில் சுருக்கென்று குத்துகிறது, நரம்பு சுண்டி இழுக்கிறது, தலை இடிக்கிறது என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு வினைச்சொல்லை வைத்துப் பேசும் கிழவி, மெல்ஸாக்குக்கே பாடம் சொல்லத் தகுந்தவள். திருநாவுக்கரசர் சரித்திரத்தைத் திருப்பிவிட்ட சூலையும் பெயர் பெற்ற ஒரு வலிதானே. அப்படியிருக்க, நம் செவிலியர் கல்லூரிகளில் இன்றும் அந்தக் கிழவியின் சொற்களை 'வலி' என்ற ஒற்றைச் சொல்லாக ஆங்கிலப்படுத்திக் குறிப்பேட்டில் எழுதப் பழக்குவது எனக்கு உவப்பாக இல்லை.

1973-இல் நியூயார்க்கில் மார்க்ஸ், ஸாக்கர் என்ற இரு வைத்தியர்கள் அபின் வகை மருந்து பெற்றுவந்த 37 உள்நோயாளிகளை நேரில் கேட்டு எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மருந்து கொடுக்கப்பட்டும் நூற்றுக்கு 32 பேர் கடுந்துன்பத்திலும் 41 பேர் நடுத்தரத் துன்பத்திலும் இருந்தார்கள். வைத்தியர் குறைவாக எழுதினார். எழுதியதிலும் குறைவாகவே செவிலி கொடுத்தாள். இருவரையும் ஆட்டிவைத்தது நோயாளி மருந்துக்கு அடிமையாகிவிடுவான் என்ற பயம். அந்தப் பயத்தை மாணவியரின் மனத்திலிருந்தே கிள்ளியெறிய மக்காப்ரியும் அவரோடு உழைத்த ஒருவரும் பின்னாளில் ஒரு காகிதச் சோதனை அமைத்தார்கள். ஆண்ட்ரூ, ராபர்ட் என்ற இருவர். இருவருக்கும் வயது 25. வயிற்றில் சத்திரசிகிச்சை ஆகி ஒரு நாள். நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் ஒன்றே. இருவரும் தம் வலி பத்துக்கு எட்டு என்கிறார்கள். ஒரு வித்தியாசந்தான்: ஆண்ட்ரூ பார்க்க வந்தவரோடு சிரித்துப் பேசுகிறான், ராபர்ட் முகத்தைச் சுளித்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறான். செவிலியரில் பெரும்பாலோர் ராபர்ட்டின் எட்டை எட்டாகவே எழுதினார்கள். ஆண்ட்ரூவின் எட்டைக் குறைத்து எழுதியவர்கள் பலர். சிரிப்பவனுக்கு வலி இராது என்ற எண்ணம் நாடு, கல்வி பார்ப்பதில்லை. அரைப் பக்கக் கதை அது; ஆயினும் தன் விடையைத் தானே கண்டு நாணாத மாணவி இருந்திருக்க முடியாது.

சொல்லத் தெரியாத குழந்தையின் விஷயம் இன்னும் கொடியது. 1980-கள் வரையில் பச்சிளஞ் சிசுக்களுக்கு வலி தெரியாதென்று கருதி, அசைவை மட்டும் நிறுத்தும் மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்ததும் உண்டு. இந்தியாவில் வைத்தியம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இளைஞர் 1987-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அந்த மூடக்கொள்கையைத் தகர்த்தது. அதற்குச் சற்று முன், ஓக்லஹோமா மாகாணத்து டல்ஸா நகரில் தீப்புண் பட்ட குழந்தைகளிடையே வேலை செய்த டானா வாங் என்ற செவிலியும் கானி பேக்கர் என்ற சக ஊழியரும், எண்ணால் சொல்ல அறியாத பிள்ளைகளின் கையிலேயே பென்சிலைக் கொடுத்து வலியின் முகங்களை வரையச் சொன்னார்கள். அதிலிருந்து பிறந்ததே சிரிப்பு முதல் அழுகை வரையிலான ஆறு முகங்கள் கொண்ட அந்தப் பட்டை. இன்று நம் அரசாங்க ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் அதைக் காணலாம்.

நோயாளியே விசையை அழுத்தி அளவாக மருந்து பெறும் பம்பு 1970-களில் வந்தது. வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரில் 1976-இல் விற்பனைக்கு வந்த 'பாலியேட்டர்' அவற்றுள் முதன்மையானது. சாவி செவிலியின் இடுப்பிலிருந்து நோயாளியின் கட்டைவிரலுக்குப் போயிற்று என்பதற்குமேல் அதைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் சரித்திரம் ஓர் அவலமான திருப்பம் கொள்கிறது. 1995 அளவில் அமெரிக்க வலிச் சங்கத்தார் நாடி, வெப்பம், மூச்சு, இரத்த அழுத்தம் என்ற நான்கோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகக் கொள்ள வேண்டும் என்றார்கள். நோக்கம் நல்லதே. மறு ஆண்டு பர்டூ என்ற மருந்துக் கம்பெனி ஆக்ஸிகாண்டின் என்ற அபின் வகை மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998-இல் வலி நீங்கி வாழ்வு மீண்டதாக நோயாளிகள் மகிழ்ந்து பேசும் வீடியோப் படத்தை அது வெளியிட்டது. வைத்தியர்களுக்கு வழங்கிய பிரதிகள் 15,000. ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் அமெரிக்க ஸ்தாபனம் 2001-இல் வலி விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, வலி பற்றிய போதனைப் படங்களை விநியோகிக்கும் பேறும் அந்தக் கம்பெனிக்கே வாய்த்தது. அடிமையாதல் அபூர்வம் என்பதற்கு ஆதாரமாகப் பலர் எடுத்துக்காட்டியது 1980-இல் ஒரு பத்திரிகையில் வந்த சிறு கடிதம். 11,882 நோயாளிகளில் நால்வரே அடிமையானார்கள் என்றது அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சில நாள் மருந்து உண்டவரைப் பற்றிய அந்தக் கணக்கை வீட்டில் மாதக்கணக்காக உண்போருக்குப் பொருத்தியது மகா மோசம். 1999 முதல் 2019 வரையில் அந்நாட்டில் அபின் வகை மருந்துகளையும் கள்ளப் போதைப்பொருள்களையும் அளவு மீறி உட்கொண்டு இறந்தோர் ஏறக்குறைய ஐந்து இலட்சம். ஸாண்டர்ஸ் காமிராவோடு சென்றதும் கம்பெனி காமிராவோடு சென்றதும் வெளிப்பார்வைக்கு ஒரே காரியந்தான். முன்னவள் நோயாளியின் குரலைப் பதிந்தது மாணவியர் கேட்பதற்கு. பின்னவர் பதிந்தது மாத்திரை விற்பதற்கு. 2016-இல் அமெரிக்க வைத்திய சங்கம் ஐந்தாவது உயிர்க்குறி என்ற கொள்கையைக் கைவிடும்படி தீர்மானித்தது.

இந்த நூற்றாண்டின் யந்திரங்கள் முகத்தைத் தேடிப் புறப்பட்டிருக்கின்றன. புளோரிடாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2009-இல், கணிப்பொறி வரைந்த மனித முகங்களைச் செவிலியருக்குக் காட்டினார்கள். பால், வயது, நிறம், முகச்சுளிப்பு ஆகியவற்றை மட்டும் மாற்றி மாற்றிக் காட்ட, பார்ப்பவர் மதிப்பிட்ட வலியும் மாறிற்று. ஆண்ட்ரூவும் ராபர்ட்டும் காகிதத்திலிருந்து திரைக்குக் குடிபெயர்ந்தார்கள் எனலாம். 2018-இல் அமெரிக்கக் கம்பெனியொன்று அழவும் முகம் சுளிக்கவும் வல்ல குழந்தை யந்திரம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2022-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியார், செயற்கை வயிற்றை மாணவர் அமுக்கும் அளவுக்கேற்ப வலியில் சுளிக்கும் முகமொன்றைச் செய்து காட்டினார்கள். மிஸஸ் சேஸின் முகம் நூறாண்டு கழித்து அசையத் தொடங்கிவிட்டது.

நம் தேசத்துக்கு வருவோம். வேலூரில் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கியவர் ஐடா ஸ்கடர். 1946-இல் அது கல்லூரியாகிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பட்டப்படிப்பும் வந்தது. ஆனால் உலகத்துக்கு அபின் விளைத்து அனுப்பும் நாட்டிலே, 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், புற்றுநோயாளிக்கு மார்பியா கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. 1986-இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் வகுத்த வலிமருந்துகளின் மூன்று படி ஏணியில், மார்பியா நிற்கும் மூன்றாம் படியே நம் ஆஸ்பத்திரிகளில் பலவற்றுக்கு இல்லாமற் போயிற்று. 1993-இல் கோழிக்கோட்டு வைத்தியக் கல்லூரியை ஒட்டித் தோன்றிய நோய்த்தணிப்புச் சங்கம், செவிலியரையும் ஊர்த் தொண்டர்களையும் பயிற்றி வீடு வீடாக அனுப்பியது. சட்டமும் 2014-இல் தளர்ந்தது. 2021-இல் இந்திய நர்ஸிங் கவுன்சில் திருத்திய பட்டப் பாடத்திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் செயற்கை நோயாளிக் கூடத்துப் பயிற்சியும் இடம்பெற்றுள்ளன.

அப்படிப்பட்ட கூடம் ஒன்றை அண்மையில் காணும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பல இலட்சம் விலைபெற்ற பாவை படுத்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது, நாடி துடிக்கிறது. மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிக் குனிந்து, 'எங்கேம்மா வலிக்குது?' என்று கேட்டாள். பாவையின் தொண்டையிலிருந்து, 'நேத்து ராத்திரியிலேர்ந்து அடிவயிறு சுருட்டிச் சுருட்டிப் பிடிக்குது கண்ணு, யாருகிட்டச் சொல்ல?' என்று ஒரு முதிய குரல் வந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒலிவாங்கியின் முன், ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த ஒரு மூத்த நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார்.